தெளிந்தவளைக் கண்டு எரிந்தவன்

காலை ஏழரை மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் தன் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். பத்து மாதக் குழந்தை. உருண்டையாக இருந்ததால் எல்லோருக்கும் அவள் பட்டாணி. மசித்த வாழைப்பழத்தைக் கரண்டி நுனியில் எடுத்து முதலில் கீழுதட்டில் தொட வேண்டும். நாக்கு வெளியே வரும் நேரம் பார்த்து உள்ளே தள்ள வேண்டும். அந்த வித்தை தன் ஒருவனுக்குத்தான் தெரியும் என்பது அவன் நம்பிக்கை. வேலைக்குப் போகும் சட்டை கறைபடாமல் இருக்கத் தோளில் பழைய துண்டு ஒன்றைப் போட்டிருந்தான்.

அன்று பட்டாணி வாயைத் திறக்கவில்லை. கழுத்தைத் திருப்பி அடுப்பருகே நின்ற அம்மாவையே பார்த்தது. இரண்டு கைகளையும் நீட்டி, "ம்மா" என்றது.

"குடுங்க, நான் ஊட்டுறேன். உங்களுக்கு நேரமாச்சு" என்றாள் மனைவி.

"உன்கிட்ட சாப்பிட மாட்டா. துப்பிடுவா."

துப்பவில்லை. மூன்று கரண்டி உள்ளே போனது. நாலாவதற்குக் காலை ஆட்டிக்கொண்டு தானே வாயைத் திறந்தது.

பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு வயிறு எரிந்தது. ஊட்டுவது கட்டின பெண்டாட்டி, சாப்பிடுவது பெற்ற மகள். மனம் குளிர வேண்டிய காட்சிதான். ஆனால் தன் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்துகொண்டதுபோல அவனுக்கு இருந்தது.

"மெதுவா குடு. அடைச்சுக்கப் போகுது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். அவள் மெதுவாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

படிக்கட்டில் எதிர்வீட்டு டீச்சர் எதிர்ப்பட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் பிறருக்கு மதிப்பெண் போடுவதை அவர் நிறுத்தவில்லை.

"உங்க வீட்டுக்காரி முகத்துல இப்ப என்ன களை, தம்பி! எப்படி இருந்த பொண்ணு! கெட்டிக்காரி, மீண்டு வந்துட்டா."

அவன் இன்னும் ஒரு நிமிடம் அங்கேயே நின்றான். தனக்கும் ஒரு மதிப்பெண் வரும் என்று எதிர்பார்த்தான். டீச்சர் காய்கறிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார்.

இதே டீச்சர் ஆறு மாதத்துக்கு முன்பு அவனைப் பார்க்கும்போதெல்லாம், "தாய்க்குத் தாயா இருக்கீங்க தம்பி, உங்கள மாதிரி ஒருத்தரப் பார்க்க முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது அவன் மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். காய்ச்சல் இல்லை, புண் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள் அவள். வாடிக்கையாளரின் மூக்கைப் பார்த்தே எந்த ஃபிரேம் பொருந்தும் என்று சொல்லிச் சிரிக்க வைப்பாள். பிரசவம் முடிந்த இரண்டாம் மாதம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. குழந்தை அழுதால் யார் வீட்டிலோ அழுவதுபோலக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குளிக்க வேண்டும் என்று யாராவது நினைவூட்ட வேண்டும். ஒருநாள் குழந்தையைத் தொடாமலே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவளுக்கு வேற நல்ல அம்மாவாக் கிடைச்சிருக்கலாம்" என்றாள்.

அதைக் கேட்ட மறுநாளே அவன் அவளை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனான். ஊர் என்ன சொல்லும் என்று ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. பின்னால் அவன் செய்ததைச் சொல்லும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த மருத்துவர் குள்ளமான ஒரு பெண்மணி. கணீரென்ற குரல். மெக்கானிக் பேச வாயெடுத்தபோது, "நீங்க அப்புறம். முதல்ல அவங்க சொல்லட்டும்" என்று கையமர்த்தினார்.

"குழந்தை தூங்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருதாம்மா?"

"வரல. கூரையப் பார்த்துட்டுப் படுத்திருப்பேன்."

"இதுக்கு முன்னாடி எப்பவாவது தூக்கமே தேவையில்லாம, ஒரேயடியா உற்சாகமா, நிறுத்தாம பேசிட்டுத் திரிஞ்ச நாள் உண்டா? வீட்ல வேற யாருக்காவது?"

"இல்ல."

"செத்துப் போயிடலாம்னு தோணுதா? குழந்தைய ஏதாவது செஞ்சிடுவோமோன்னு பயம் வருதா?"

மெக்கானிக் பதறினான். "என்ன டாக்டர், இப்படிக் கேக்கறீங்க?"

"கேக்கறதால அந்த எண்ணம் வந்துடாது சார். கேக்காம விட்டாத்தான் ஆபத்து."

அவள் தலை குனிந்தபடியே சொன்னாள்: "நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லதுன்னு தோணும். ஆனா எதுவும் செஞ்சுக்கணும்னு இல்ல. பாப்பாவ ஒண்ணும் பண்ண மாட்டேன்."

மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு குறைந்தாலும் இப்படிச் சோர்வு வரும், அதையும் பார்த்துவிட வேண்டும் என்றார். தைராய்டில் குறை இல்லை என்று முடிவு வந்த பிறகு நிதானமாகப் பேசினார்.

"லேசா இருந்தா மாத்திரை எழுத மாட்டேன். வாரம் ஒரு தரம் உட்கார்ந்து பேசியே சரி பண்ணலாம். உங்களுக்கு அப்படி இல்ல. சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல, குழந்தையத் தொடவே கை வரல. அதனால பேச்சும் வேணும், மாத்திரையும் வேணும்."

"நான் பால் குடுக்கறேனே, டாக்டர்?"

"தெரியும். அதுக்குத் தகுந்த மாதிரிதான் எழுதறேன். இந்த மருந்து பால்ல போறது ரொம்ப ரொம்பக் கொஞ்சம். குழந்தை நல்லா குடிக்குதா, தூங்குதா, எடை ஏறுதான்னு பாருங்க. ஏதாவது மாறினா உடனே சொல்லுங்க. மருந்தால வர்ற பயத்த மட்டும் எடை போடக் கூடாதும்மா. அம்மா இப்படியே கிடந்தா குழந்தைக்கு என்ன ஆகும்ங்கறதையும் சேர்த்துத்தான் எடை போடணும்."

பாதி மாத்திரையில் ஆரம்பிக்கலாம் என்றார். முதல் வாரம் குமட்டலாம், தலை வலிக்கலாம், அது போய்விடும். நல்ல மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும்; அதற்குள் பலன் இல்லை என்று தூக்கிப் போட வேண்டாம். அவனிடமும் திரும்பினார்.

"ராத்திரி அவங்க சேர்ந்தாப்ல அஞ்சு மணி நேரமாவது தூங்கணும். அதுவும் மருந்துதான். அந்த மருந்த நீங்கதான் குடுக்கணும்." மறுபடி அவளைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு விஷயம். ஒருநாள் நல்லாயிட்டோம்னு தோணும். அதுக்கப்புறமும் ஆறு மாசமாவது சாப்பிடணும், சில பேர் ஒரு வருஷத்துக்கு மேலயும். நிறுத்தற நேரம் வந்தா நானே கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பேன். நீங்களா நிறுத்தாதீங்க. அடுத்தது, இல்லாமப் போயிடலாம்ங்கற எண்ணம் பலமா வந்தா, எதையும் யோசிக்காம, அப்பாயின்மென்ட்டும் கேக்காம, குழந்தைய நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட விட்டுட்டு நேரா இங்க வந்து உட்காருங்க."

இரவுகளை அவன் ஏற்றுக்கொண்டான். குழந்தையின் வயிற்றுவலி அழுகைக்கும் பசி அழுகைக்கும் வித்தியாசம் கற்றான். முதுகைத் தட்டி ஏப்பம் விடவைப்பது, தலை நனையாமல் குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது எல்லாம் அவன் கைக்கு வந்தன. மனைவிக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்துத் தண்ணீரும் நீட்டினான். வேலை இடத்தில், "நீ மனுஷனே இல்லடா, தெய்வம்" என்று முதுகில் தட்டினார்கள். டீச்சரின் புகழ்ச்சி தினமும் இருந்தது. பத்து ஆண்டுகளாக லிஃப்ட் நின்றுபோனால் மட்டுமே ஞாபகம் வரும் ஆளாக இருந்தவனுக்கு அது புதிது. அவனுக்கே தெரியாமல் அந்தப் புகழ்ச்சி ருசி காட்டிவிட்டது.

நாலாவது வாரம் மனைவி சிரித்தாள். குழந்தை தும்மி, தன் தும்மலுக்குத் தானே பயந்துபோய் விழித்தது. அதற்குத்தான் சிரித்தாள். அன்று அவன் கண் கலங்கியது உண்மை. ஆனால் அடுத்தடுத்த மாதங்களில் அவள் எழுந்து நடமாடி, தலை வாரி, குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச ஆரம்பித்தபோது அவனுக்குள் ஏதோ ஒன்று புளிக்கத் தொடங்கியது.

"அப்படித் தூக்காத, அவளுக்குப் பிடிக்காது" என்பான். "அந்தச் சட்ட வேணாம், குத்தும்" என்பான். அவள் கையில் குழந்தை அழுதால் ஓடிப்போய் வாங்கிக்கொள்வான். அழுகை நின்றால் நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு வெற்றி. ஒரு நாளில் எத்தனை முறை 'ம்மா', எத்தனை முறை 'ப்பா' என்று எண்ண ஆரம்பித்தான். எண்ணுவது வெட்கமாக இருந்தது. ஆனாலும் எண்ணினான்.

பிறகு குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தது. இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் பட்டாணி அம்மாவின் தோளை விட்டு இறங்கவில்லை. அவன் கை நீட்டினால் முகத்தைப் புதைத்துக்கொண்டு அலறியது.

"நோவுல அம்மாவத்தான் தேடும், விடுங்க" என்றாள் மனைவி, ஆறுதலாக.

அந்த ஆறுதல்தான் அவனை அதிகம் சுட்டது. 'நாலு மாசம் நான் ராத்திரி பகல் பார்க்காம வளர்த்தேன். கட்டில்ல கிடந்தவ எழுந்து வந்து ஒரே நாள்ல வாங்கிட்டுப் போறா' என்று மனம் கசந்தது.

மாத்திரை வாங்கி வருவது எப்போதும் அவன் பொறுப்பு. வேலை முடிந்து வரும் வழியில்தான் மருந்துக் கடை. வாழைப்பழக் காலைக்கு அடுத்த வாரம், பழைய அட்டை தீர்ந்த அன்று, அவன் அந்தக் கடையைத் தாண்டி நடந்தான்.

"ஸ்டாக் இல்லையாம்" என்றான் வீட்டில்.

இரண்டு நாள் கழித்து அவள் கேட்டாள். "வேற கடையில பார்க்கறீங்களா?"

"என்ன அவசரம்? நல்லாத்தானே இருக்க? இன்னும் எத்தன நாளைக்கு அத முழுங்கிட்டிருக்கப் போற?"

"நானா நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்களே."

"அவங்க சாப்பிடத்தான் சொல்லுவாங்க. உன்னப் பத்தி என்னை விட அவங்களுக்குத் தெரியுமா? பாப்பா இன்னும் பால் குடிக்கறா. கொஞ்சம்னாலும் அவ உடம்புலதானே சேருது?"

கடைசி வார்த்தை அவளை அடக்கிவிட்டது. எந்தத் தாயும் அதற்கு மேல் வாதாட மாட்டாள். அவன் குரலை உயர்த்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. அக்கறையோடு பேசும் கணவனின் குரல்தான் அது. பேசப் பேச அவனுக்கே அது அக்கறைதான் என்று பாதி தோன்றியது. அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டிய நாளும் வந்தது. "வேலை அதிகம், அப்புறம் போகலாம்" என்று அதையும் தள்ளிப்போட்டான்.

முதல் வாரம் அவளுக்குத் தலை சுற்றியது. திரும்பினால் தலைக்குள் மின்சாரம் தொட்டதுபோல ஒரு வெட்டு. எடுத்ததற்கெல்லாம் எரிச்சல். பிறகு தூக்கம் போனது. மூன்றாம் வாரம் குழந்தைக்குக் குளிக்க வைத்த தண்ணீர் ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பட்டாணி அப்பாவிடம் வந்தது. அவன் காலைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றது. அம்மாவிடம் போனால் கைகள் அணைக்கவில்லை, அதனால் வந்தது. அவன் தூக்கி உச்சி முகர்ந்தான். எதிர்வீட்டு டீச்சர் படிக்கட்டில் நின்று உச்சுக்கொட்டினார்: "மறுபடியுமா? ஐயோ பாவம் தம்பி நீங்க! பூமி மாதிரி பொறுமை உங்களுக்கு."

அது அவன் காதில் தேனாக இனித்தது. இந்தக் கதையில் சொல்லக் கூசும் இடம் ஒன்று உண்டென்றால் இதுதான். உள்ளே மனைவி நாளுக்கு நாள் மங்கிக்கொண்டிருந்தாள். வெளியே அவன் மகிழ்ச்சியாக இருந்தான்.

ஐந்தாவது வாரம், முற்பகல் பதினொரு மணி இருக்கும். ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடி இயந்திர அறையில் மோட்டாரைத் திறந்து வைத்திருந்தான். டீச்சர் போன் செய்தார். குரலில் வழக்கமான அதிகாரம் இல்லை.

"தம்பி, கொஞ்சம் வீட்டுக்கு வாங்க. உங்க பொண்டாட்டி பாப்பாவ என்கிட்ட விட்டுட்டுப் போயிருக்கா. கேட்டதுக்குப் பதில் சொல்லல. ஒரு பேப்பர் குடுத்தா. படிச்சா எனக்கு என்னமோ சரியாப் படல."

கிரீஸ் கையோடு ஓடினான். நடுவில் மடித்த காகிதத்தின் நான்கு பக்கமும் அவளுடைய கண்ணாடிக் கடைக் கையெழுத்தில் சின்னச் சின்ன எழுத்து. எத்தனை மணிக்கு என்ன ஊட்ட வேண்டும். எந்த மருந்துக்கு எத்தனை சொட்டு. நடுவில் ஒரு வரி: 'தூங்கும்போது இடது காதைத் தடவிக்கொள்வாள், கையை எடுத்துவிடக் கூடாது, அழுவாள்.' அவன் திகைத்தான். அவனுக்கு அது தெரியாது. இன்னொன்று: 'பயந்தால் மூச்சை அடக்குவாள், முகத்தில் மெல்ல ஊதினால் சரியாகிவிடும்.' அதுவும் அவனுக்குத் தெரியாது. தானே எல்லாம் அறிந்தவன் என்று நினைத்திருந்தான்; படுக்கையில் அசையாமல் கிடந்தவள் அந்தக் குழந்தையை இத்தனை கவனித்திருக்கிறாள். கடைசி வரி: 'மீதி அவங்க அப்பா பார்த்துப்பார். அவர்கிட்டதான் சந்தோஷமா இருக்கா.'

அந்த வரியைப் படித்ததும் காகிதத்தைச் சட்டைப்பையில் திணித்தான். அவள் போனுக்கு அடித்தான். மணி பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து கேட்டது. தெருமுனை வரை ஓடினான், திரும்பி ஓடிவந்தான், எங்கே தேடுவது என்று தெரியவில்லை. மருத்துவரின் எண்ணை அழுத்தினான்.

"இங்கதான் இருக்காங்க" என்றது கணீர்க் குரல். "முக்கால் மணி நேரமா என் நர்ஸ் பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க. நீங்க நிதானமா வாங்க."

காத்திருப்பு அறையின் மூலையில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் அவளுடைய செருப்பு, மறு காலில் அவனுடைய பழைய செருப்பு. மருத்துவர் ஆரம்பத்தில் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அந்த எண்ணம் வந்தது. குழந்தையை நம்பிக்கையான ஒருத்தரிடம் விட்டாள். யோசிக்காமல் நடந்து வந்துவிட்டாள். அவள் உயிரோடு இருந்ததற்கு அவன் எந்த விதத்திலும் காரணம் இல்லை.

இருவரையும் உள்ளே கூப்பிட்டார் மருத்துவர்.

"மாத்திரை எப்போலேருந்து சாப்பிடல?"

"அஞ்சு வாரம் ஆச்சு டாக்டர்" என்றாள் அவள். "கடையில ஸ்டாக் இல்லன்னாங்க. நானும் அப்புறம் விட்டுட்டேன். என் தப்புதான்."

மெக்கானிக் கையில் ஒட்டியிருந்த கிரீஸைப் பார்த்தான். அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். யாருக்கும் ஒருநாளும் தெரியப்போவதில்லை. பழியை அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கடைக்கே போகல" என்றான்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். "என்ன சொன்னீங்க?"

"நான் கடைக்கே போகல. பொய் சொன்னேன். நீ தேறிட்ட. பாப்பா உன்கிட்டயே வந்தா. எல்லாரும் உன்னையே பேசினாங்க. எனக்குத் தாங்கல. பொறாம. பெத்த புள்ளைக்காகப் பொண்டாட்டி மேலயே பொறாம."

"இவங்க மறுபடி படுக்கணும்னு நினைச்சா செஞ்சீங்க?" என்று கேட்டார் மருத்துவர்.

"நினைச்சேன்னு சொல்ல முடியல டாக்டர். நினைக்கலன்னும் சொல்ல முடியல."

மனைவி அழவில்லை, கத்தவில்லை. "அஞ்சு வாரமா நான் ஒரு கேவலமான அம்மான்னு நினைச்சுட்டு இருந்தேன்" என்றாள். "காலைல எழுந்ததும் அதான் முதல் நினைப்பு. நீங்க அதப் பார்த்துட்டே இருந்தீங்க."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"முதல்ல அவங்க உயிர், உங்க தப்பு அப்புறம்" என்றார் மருத்துவர். அவளிடம் பேசி, இன்று இரவு யார் கூட இருப்பார்கள் என்று கேட்டார். அவளுடைய அக்காவுக்கு அங்கிருந்தே போன் போனது. மாலைக்குள் வந்துவிடுவதாக அக்கா சொன்னாள். மாத்திரை மறுபடி பாதியிலிருந்து. அது அக்காவின் கையில் இருக்கும். மூன்று நாளில் மறுபடி பார்க்க வேண்டும், நடுவில் நர்ஸ் தினமும் போன் செய்வார். எண்ணம் கூடினால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அவளை நர்ஸோடு அனுப்பிவிட்டு அவனை உட்காரச் சொன்னார்.

"கடைசியா எப்ப முழுசாத் தூங்கினீங்க?"

அவன் யோசித்தான். விரல்விட்டு மாதங்களை எண்ணினான்.

"குழந்தை பிறந்த வீட்ல அப்பாவுக்கும் மனசு நொறுங்கும். யாரும் கேக்கறதில்ல. அவங்க முதல்தடவை வந்தப்பவே நான் உங்களையும் கேட்டிருக்கணும், விட்டுட்டேன். உங்களுக்கு மருந்து வேணுமான்னு இன்னைக்கே சொல்ல மாட்டேன். வாராவாரம் வாங்க, பேசிப் பார்ப்போம். ஆனா இத ஒரு சாக்கா எடுத்துக்காதீங்க. அவங்க நோயில உங்களுக்கு ஒரு பதவி கிடைச்சுது சார். அவங்க எழுந்ததும் அது போச்சு. அதத் திரும்பப் பிடிக்க அவங்களையே கீழ தள்ளிட்டீங்க."

அவன் தலையாட்டினான். 

இரண்டாம் முறை தேறுவது முதல் முறைபோல இருக்கவில்லை. நாலு வாரத்தில் வந்த சிரிப்பு இந்தத் தடவை வர ஒன்பது வாரம் ஆனது. மாத்திரையின் அளவையும் கூட்ட வேண்டியிருந்தது. குணமானபின் இந்த முறை ஒரு வருடமாவது தொடர வேண்டும் என்றார் மருத்துவர்; அவன் விழுங்கிய ஐந்து வாரத்துக்கு அவள் கொடுத்த விலை அது. அக்கா இரண்டு மாதம் தங்கினாள். சாப்பாடு போட்டாளே தவிர அவன் முகம் பார்த்துப் பேசவில்லை. மனைவி தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மாலையில்தான் அவளாகவே பேசினாள்.

"மன்னிச்சிட்டியான்னு என்னைக் கேக்காதீங்க. எனக்கே தெரியல. பாப்பாவக் குளிப்பாட்டுங்க, தண்ணி ஆறிடும்" என்றாள். அவன் குளிப்பாட்டினான். துவட்டி அவள் மடியில் கொண்டுபோய் விட்டான். குழந்தை அவள் தோளில் சாய்ந்து இடது காதைத் தடவிக்கொண்டு தூங்கியது. வயிற்றில் பழைய எரிச்சல் மெல்லத் தலைகாட்டியது. அவன் அதை வாரக் கடைசியில் மருத்துவரிடம் அப்படியே சொன்னான்.

வருடம் ஒன்று ஓடியது. ஒரு பகல் வேளையில் அவனும் கூட வேலை பார்க்கும் மூத்த மெக்கானிக்கும் இயந்திர அறையில் லிஃப்டைத் தாங்கும் எஃகுக் கயிற்றை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பெரிய மீசை; பெயரே மீசை என்றாகிவிட்டது. வேலையின் நடுவே தன் தங்கை வீட்டுக்காரரைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"ரெண்டு புள்ளைக்கு அப்பன். மனசு சரியில்லன்னு மாத்திரை சாப்பிடறாராம். கேக்கறவன் சிரிக்க மாட்டானா? இப்ப நல்லாத்தான் இருக்காரு, புள்ளைங்களோட விளையாடறாரு. மாத்திரைய நிறுத்திடலாமான்னு தங்கச்சி கேக்குது. நிறுத்துன்னு சொல்லிடப் போறேன்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அண்ணே, லிஃப்ட் நல்லா ஓடுதேன்னு இந்தக் கயித்த அறுப்பீங்களா?"

"அது வேற, இது வேறப்பா."

"வேற இல்லண்ணே. அறுத்தவன் நான்." ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். தாண்டிப் போன மருந்துக் கடை, தேனாக இனித்த புகழ்ச்சி, நான்கு பக்கக் காகிதம் எல்லாவற்றையும் சொன்னான். மீசை கயிற்றைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். 

"இப்பவும் அந்தப் பொறாமை வருதா?" என்றார் கடைசியில்.

"வருது. முன்ன மாதிரி இல்ல. வந்தா மறைக்கறதில்ல, அவகிட்டயே சொல்லிடறேன். ஒருநாள் சிரிச்சா, ஒருநாள் முறைச்சா. ஆனா சொன்னதும் பாதி குறைஞ்சுடுது."

மீசை சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "தங்கச்சிகிட்ட என்னன்னு சொல்லட்டும்?"

"அம்மாவோ அப்பாவோ, மனசு சோர்ந்து போனா அதுவும் நோய்தான்னு சொல்லுங்க. அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. மருந்த ஆரம்பிக்கறதும், கூட்டறதும், குறைக்கறதும், நிறுத்தறதும் டாக்டர் சொல்லித்தான் நடக்கணும். நோயாளியும் தானா நிறுத்தக் கூடாது, வீட்ல இருக்கறவங்களும் நிறுத்தக் கூடாது. கூட இருக்கறவங்க வேலை ஒண்ணுதாண்ணே. அவங்க தேறும்போது சேர்ந்து சந்தோஷப்படணும். அந்தச் சந்தோஷம் நமக்கு வரலன்னா அவங்க மாத்திரையில கை வைக்கக் கூடாது. நம்ம மனசத்தான் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டணும்."